பள்ளி கிராஃபிக் டிசைன் வகுப்பு: லோகோ, சினிமா போஸ்டர் தவிர வேறு என்ன செய்ய வைக்கலாம்?

நீலப்பென்சில்:

வணக்கம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு கிராஃபிக் டிசைன் விருப்பப் பாடமாக எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் 'மாணவர் செயல்திட்டங்கள்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. என்ன செயல்திட்டம், எந்த வரிசையில் என்பதெல்லாம் ஆசிரியர் பாடு.

வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கற்பனை நிறுவனத்துக்கு லோகோ, பிடித்த படத்துக்குப் போஸ்டர், ஒரு டி-ஷர்ட், ஒரு விசிட்டிங் கார்டு. பிள்ளைகள் ஆர்வமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் முடித்ததையெல்லாம் சுவரில் வரிசையாக ஒட்டினால் ஒரே ஆள் செய்தது போல் இருக்கிறது. இறக்கை விரித்த கழுகு, பளபளக்கும் கிரேடியன்ட், எழுத்துக்கு அடியில் நிழல். "ஏன் இந்த நீலம்?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

இருவருக்கு ஒரு கணினி என்பதுதான் நிலைமை. மென்பொருளும் இலவசமாகக் கிடைப்பவை மட்டுமே: கோட்டுப்படம் வரைய இங்க்ஸ்கேப், புகைப்படம் திருத்த கிம்ப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ். இதற்குள் என்ன கொடுத்தால் பிள்ளைகள் யோசித்துச் செய்வார்கள்? எதற்கு மார்க் போடுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வளைகோடு:

ஐயா, முதலில் அந்தக் கற்பனை நிறுவனத்தை மூடுங்கள். அங்கே 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒருவரும் இல்லை. எந்த நிறம் போட்டாலும் சரி, எந்த எழுத்து போட்டாலும் சரி. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் வேலையில் பாதி அடுத்தவர் சொல்லும் 'வேண்டாம்'தான். கழுகு பறப்பதற்குக் காரணம் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லாதது அல்ல. அவர்களைத் தடுக்க எதுவும் இல்லாததுதான்.

பள்ளிக்குள்ளேயே வேலை கொட்டிக் கிடக்கிறது. வகுப்பறைக் கதவுப் பலகை, நூலக அலமாரிச் சீட்டு, ஆய்வகப் பாதுகாப்பு அறிவிப்பு, விளையாட்டுப் போட்டியின் புள்ளி அட்டவணை. என்னைக் கேட்டால் முதல் செயல்திட்டம் வகுப்பு கால அட்டவணை. சிரிக்காதீர்கள். அதில் படமே கிடையாது, ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. எது பெரிதாக வர வேண்டும், நாளா, பாடமா? இடைவேளையை எப்படிப் பிரித்துக் காட்டுவது? கோடு போட்டா, வெறும் இடைவெளி விட்டா? எல்லாக் கட்டத்துக்கும் தடித்த கோடு போட்டால் கோடுதான் முன்னால் வந்து நிற்கும், பாடம் பின்னால் போய்விடும். இதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டால், கிரிட் (கட்டமைப்பு), அலைன்மென்ட் (நேராக நிறுத்துவது), ஹைரார்க்கி (எது முக்கியம் என்ற வரிசை) என்று நீங்கள் தனியாகப் பாடம் எடுக்கவே வேண்டாம். ஒரே ஃபான்ட், ஒரே நிறம், இரண்டு அளவு என்று கட்டுப்பாடு வையுங்கள்.

அடுத்தது பள்ளி வளாகத்தின் வழிகாட்டிப் படம். இதற்கு லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைக் காட்டலாம். ஹாரி பெக் வரைபடக் கலைஞர் கூட இல்லை, பொறியியல் வரைவாளர். 1931-இல் அவர் வரைந்து கொடுத்ததை முதலில் ஏற்கவில்லை. 1933-இல் அச்சடித்துப் பயணிகளுக்குக் கொடுத்ததும் மக்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். உண்மையான தூரத்தையும் வளைவையும் தூக்கி எறிந்துவிட்டு, படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு, இந்த மூன்று கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். ரயிலில் போகிறவனுக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பது போதும். உங்கள் பிள்ளைகள் முதலில் பள்ளியில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் வரைவார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு எது வேண்டாம் என்று கேட்டு ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லுங்கள். அந்த அழிப்புதான் பாடம்.

தாள்மடிப்பு:

நானும் டீச்சர்தான். வளைகோடு சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கால அட்டவணைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. முதல் சில வாரம் கணினியையே திறக்காதீர்கள். இருவருக்கு ஒரு கணினி என்ற சிக்கலும் அதிலேயே பாதி தீரும்.

வெள்ளைத் தாள், கறுப்புத் தாள், கத்தரி, பசை. ஒரே அளவுள்ள நான்கு கறுப்புச் சதுரங்கள். அவற்றை மட்டும் வைத்து 'நெரிசல்', 'விழுதல்', 'தனிமை', 'ஒழுங்கு' ஆகியவற்றைக் காட்ட வேண்டும். சதுரம் தாளின் விளிம்பைத் தாண்டி வெட்டுப்படலாம். முகம், கண், மரம் எதுவும் கூடாது. 'தனிமை' என்றால் எல்லோரும் ஒரு சதுரத்தை மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். ஒரு பிள்ளை மூன்றை நடுவில் நெருக்கி, நான்காவதை விளிம்பில் பாதி வெட்டுப்பட வைத்தாள். வெளியேறிக்கொண்டிருப்பவர் போல் இருந்தது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

நிறத்துக்கும் தாள்தான் நல்லது. ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் நிறம் கற்பித்த போது பெயின்டைவிட வண்ணத் தாள்களையே விரும்பினார். ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அடர் நீலத்தின் மேலும் மற்றதை மஞ்சளின் மேலும் வைத்தால் இரண்டும் வேறு வேறு சாம்பலாகத் தெரியும். "ஒரே தாள்தான்" என்று சொன்னால் நம்பமாட்டார்கள், எடுத்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். 'இந்த நிறம் அழகு' என்று தனியாகச் சொல்வதில் பொருளில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அன்றோடு மனதில் நின்றுவிடும்.

ஐகான் செயல்திட்டமும் கட்டம் போட்ட நோட்டிலேயே செய்யலாம். 1984-இல் வந்த மேகின்டாஷ் கணினியின் ஐகான்களை சூசன் கேர் அப்படித்தான் வரைந்தார். 32-க்கு 32 கட்டம், கறுப்பு வெள்ளை மட்டும். ஒவ்வொரு கட்டமும் நிரப்புவதா வேண்டாமா என்று ஒரு முடிவு. பென்சிலை எடுத்தவுடன் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், சாய்கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று.

பின்வரிசை:

வணக்கம் சார், டீச்சர். நான் பன்னிரண்டாம் வகுப்பு, இதே பாடம்தான் எடுத்திருக்கிறேன். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கால அட்டவணையும் கறுப்புச் சதுரமும் உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் இந்தப் பாடத்தை எடுத்ததே லோகோவும் போஸ்டரும் செய்யத்தான். ஒரு கால்பந்து அணியின் சின்னத்தை இங்க்ஸ்கேப்பில் அப்படியே மேலே வைத்து வரைந்து பார்த்துத்தான் நான் பென் டூலே (புள்ளி வைத்து வளைகோடு இழுக்கும் கருவி) கற்றுக்கொண்டேன். அந்த ஆசை இல்லையென்றால் அது போடும் பெசியர் வளைவோடு யார் மல்லுக்கட்டுவது? முதல் மாதம் முழுக்கத் தாள் வெட்டினால் பாதிப் பேர் வேறு பாடத்துக்கு மாறிவிடுவார்கள்.

தாள்மடிப்பு:

நியாயமான பேச்சு தம்பி. சதுரங்களுக்கு இரண்டு வகுப்பு, நிறத்துக்கு இரண்டு வகுப்பு போதும். மாதக்கணக்கில் இழுக்கச் சொல்லவில்லை.

மேலே வைத்து வரைவது நல்ல பயிற்சி. ஆனால் அதைப் பயிற்சி என்றே வைத்துக்கொள்ள வேண்டும், செயல்திட்டமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வளைவின் உச்சியிலும் ஓரத்திலும் மட்டும் புள்ளி வைத்து, எவ்வளவு குறைந்த புள்ளியில் அதே வடிவம் வருகிறது என்று போட்டி வைத்துப் பாருங்கள். பென் டூல் தானாகப் படியும்.

வளைகோடு:

லோகோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கடைசியில் வரட்டும் என்கிறேன். பிள்ளைகளால் முடியாது என்றும் இல்லை. மறுசுழற்சிக்கு உலகம் முழுக்கப் போடுகிறார்களே, மூன்று அம்புகள் சுற்றி வரும் குறி, அதை 1970-இல் வரைந்த கேரி ஆண்டர்சன் கல்லூரி மாணவர். ஒரு போட்டிக்காக வரைந்தார். 1971-இல் நைக்கியின் குறியை வரைந்த கரோலின் டேவிட்சனும் மாணவிதான். கூலி 35 டாலர். ஆனால் இரண்டிலும் கவனியுங்கள், எதிரே ஒருவர் இருந்தார், ஒரு தேவை இருந்தது. நைக்கியில் அது காலணியின் பக்கவாட்டில் உட்கார வேண்டும், ஓடுவது தெரிய வேண்டும்.

அதனால் லோகோ கொடுத்தால் பள்ளியின் வானியல் குழுவுக்கோ, சுவர்ப் பத்திரிகைக்கோ கொடுங்கள். அந்தக் குழுப் பிள்ளைகளே வாடிக்கையாளர். அப்புறம் சோதனை: ஒரே நிறத்தில் நிற்கிறதா? 16 பிக்சலுக்குச் சுருக்கினால் என்ன மிஞ்சுகிறது? ஜெராக்ஸ் எடுத்ததை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்தால்? வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து தெரிகிறதா? கழுகு இறகுகள் 16 பிக்சலில் கறுப்புத் திட்டாக மாறும்போது, நீங்கள் ஒன்றும் சொல்லாமலே பிள்ளை இறகைக் குறைப்பான்.

பின்வரிசை, கடைசி பெஞ்ச் சோதனைக்கு உங்கள் பெயர்தான் பொருத்தம்.

அச்சகத்தான்:

பிள்ளைகளின் வேலை கடைசியில் எங்களைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகிறது. அதனால் நானும் கொஞ்சம் கொட்டித் தீர்க்கிறேன்.

பள்ளி ஆண்டு மலர், விழா அழைப்பிதழ் என்று வரும் ஃபைல்களில் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள்தான். இணையத்திலிருந்து எடுத்த 600 பிக்சல் அகலப் படத்தை ஏ4 முழுக்க இழுத்துப் போட்டிருப்பார்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு வைத்தால், அந்தப் படம் வெறும் 2 அங்குலத்துக்குத்தான் தாங்கும். ஏ4 முழுக்க நிறைய வேண்டும் என்றால் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். திரையில் பளிச்சென்று எரிந்த பச்சையும் நீலமும் தாளில் மங்கி வருவதைப் பார்த்து எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, தாளில் நான்கு மையை வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். சில நிறங்கள் மையில் வரவே வராது. அதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

பிளீட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பின்னணி நிறம் தாளின் ஓரம் வரை போக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட வேண்டும். கட்டிங்கில் கத்தி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும். அதே காரணத்துக்காக எழுத்தை ஓரத்தை ஒட்டி வைக்கக் கூடாது. இன்னொன்று, சிறிய கறுப்பு எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையையும் கலந்த கறுப்பாக இருந்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு பிள்ளைக்கும் ஏறாது. ஒவ்வொரு செயல்திட்டமும் தாளில் முடிய வேண்டும் என்று வையுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஆனாலும் போதும். திரையில் 12 பாயின்ட் சின்னதாகத் தெரிந்தது என்று 20 வைத்தவன், தாளில் பார்த்ததும் தானே குறைப்பான்.

எனக்குப் பிடித்த செயல்திட்டம் ஒரு தாள் புத்தகம். ஒரு ஏ4 தாளை மூன்று மடிப்பு மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் 8 பக்கக் குட்டிப் புத்தகம் வரும். பசை வேண்டாம், பின் வேண்டாம். ஆனால் விரித்த தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எங்கே வரும் என்று வெறுந்தாளை மடித்து எண் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதில் தேறியவர்களுக்கு ஸ்டேப்ளர் அடித்த 16 பக்க மலர். அதில் விரித்த தாளின் ஒரே புறத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும்: 16-ம் 1-ம், 2-ம் 15-ம். எல்லா அச்சகத்திலும் இந்தக் கணக்குதான். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இல்லாவிட்டால் ஏன் கடைசியில் வெற்றுப் பக்கம் வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

மூன்றாக மடிக்கும் துண்டறிக்கை கொடுத்தால் இன்னொரு வேடிக்கை. 297-ஐ மூன்றால் வகுத்து 99, 99, 99 என்று போடுவார்கள். உள்ளே மடங்கிப் போகும் பக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் தாள் புடைக்காமல் படியும். 100, 100, 97 என்று வைக்கச் சொல்லுங்கள். ஆனால் முதலில் தவறாகவே மடிக்க விடுங்கள்.

மெய்யெழுத்து:

எல்லோரும் லே-அவுட் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. எந்த எழுத்தில் செய்யப் போகிறார்கள்? தமிழில் என்றால் சில விஷயங்களை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் டிசைன் சொல்லித்தரும் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே பேசுகின்றன.

'தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தில் போடு' என்ற அறிவுரை தமிழில் செல்லாது, நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. மென்பொருளில் சாய்த்தால் எழுத்து தள்ளாடுகிறது, அவ்வளவுதான். ஆக, முக்கியமானது எது என்று காட்ட நம்மிடம் இருப்பது அளவு, தடிமன், நிறம், இடைவெளி. தடிமனிலும் எச்சரிக்கை வேண்டும். 'ணூ', 'ஞூ' போன்றவற்றை மிகத் தடித்த எழுத்தில் சின்னதாகப் போட்டால் உள்ளே இருக்கும் வெளி அடைத்துக்கொள்ளும். 'கி', 'கீ' மேலே ஏறும், 'கு', 'கூ' கீழே இறங்கும். அதனால் ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும்.

பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்த ஃபைலைத் தொடவே வேண்டாம், யூனிகோடில் ஆரம்பியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்டமரன் 9 தடிமன்களில் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் வைத்து ஒரு முழு அறிவிப்புப் பலகை செய்யச் சொல்லலாம். பக்கம் அமைக்கும் கட்டண மென்பொருளான இன்டிசைன் வைத்திருக்கும் பள்ளி என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் அந்தத் தொல்லை இல்லை.

செயல்திட்டமாக இரண்டு சொல்கிறேன். ஒன்று, இருமொழி அறிவிப்பு. ஒரே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும், இரண்டும் சம கனத்தில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாயின்ட் கொடுத்தால் சமமாகத் தெரியாது, தமிழ் அதிக இடம் பிடிக்கும். கண்ணால் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, ஒரே ஓர் எழுத்தை எடுத்து, 'ழ' என்று வையுங்கள், தாள் முழுக்கப் பெரிதாக்கி விளிம்பில் வெட்டுப்பட விட்டு, எவ்வளவு வரை வெட்டினாலும் 'ழ' என்று தெரிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எழுத்தைக் கிடைமட்டமாக இழுத்து நீட்டும் பழக்கம் இதோடு நின்றுவிடும். (நிற்க வேண்டும். நீட்டிய எழுத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

ஒரு_பெற்றோர்:

ஆசிரியர்களுக்கு வணக்கம். என் மகள் இந்தப் பாடம் படிக்கிறாள். கேன்வா என்ற இணையத் தளத்தில் ஒரு டெம்ப்ளேட்டை (தயாராக இருக்கும் மாதிரி வடிவத்தை) திறந்து பெயரை மாற்றிப் பத்து நிமிடத்தில் முடிக்கிறாள், பார்க்கவும் அழகாக இருக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. இப்போது சொன்னாலே படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இவ்வளவு தாள் வெட்டி என்ன ஆகப் போகிறது என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது?

வளைகோடு:

அம்மா, உங்கள் மகளின் டெம்ப்ளேட்டில் தலைப்பு மூன்று சொல்தானே? அதை இரண்டு வரி நீளத் தலைப்பாக மாற்றச் சொல்லுங்கள். படத்துக்குப் பதிலாக, குனிந்து நிற்கும் ஒருவரின் மங்கலான புகைப்படத்தைப் போடச் சொல்லுங்கள். டெம்ப்ளேட் அங்கேயே உடைந்துவிடும். நிஜ வாழ்க்கையில் வரும் விஷயம் எல்லாம் அப்படித்தான் இருக்கும், நீளமாக, மங்கலாக, கடைசி நேரத்தில்.

இதையே செயல்திட்டமாக வைக்கலாம். ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து அதன் மேல் கோடு போட்டு, எத்தனை பத்தி, ஓர இடைவெளி எவ்வளவு, எந்த எழுத்து எதோடு நேராக நிற்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அப்புறம் பொருந்தாத உள்ளடக்கத்தைக் கொடுத்து அதே ஒழுங்கில் உட்கார வைக்கச் சொல்ல வேண்டும். டெம்ப்ளேட் எனக்கு எதிரி இல்லை. யாரோ முன்பே எடுத்த முடிவுகளின் தொகுப்பு அது. அந்த முடிவுகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பின்வரிசை:

உண்மையைச் சொல்கிறேன். கடைசிப் படத்துக்கு மட்டும்தான் மார்க் என்றால் எல்லோரும் செயற்கை நுண்ணறிவில்தான் எடுப்பார்கள். எங்கள் வகுப்பிலும் அதுதான் நடக்கிறது.

தாள்மடிப்பு:

அதனால்தான் நான் பாதி மார்க்கைச் செய்முறைக்குக் கொடுக்கிறேன். விரல் அளவுக் கட்டங்களில் குறைந்தது பன்னிரண்டு சிறு வரைவுகள், அதில் எதை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி. முதல் நான்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும். ஒன்பதாவதுக்கு மேல்தான் பிள்ளையின் சொந்த மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும்.

வளைகோடு:

இதில் மட்டும் டீச்சரோடு எனக்கு ஒத்துவராது. வரைவுகளையும் கடைசியில் உட்கார்ந்து 'முன்பே செய்தது போல' போட்டுவிடலாம். எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். வேலை செய்கிறதா என்று வெளியாளிடம் சோதியுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையை அழைத்து, செய்த அறிவிப்பைக் காட்டி, "போட்டி என்றைக்கு, எங்கே?" என்று கேளுங்கள். தேடித் தடவினால் டிசைன் தோற்றது. வளாகப் படத்தைப் புதியவர் கையில் கொடுத்து நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள், செய்தவர் பின்னாலேயே வாயைத் திறக்காமல் நடக்கட்டும். அதைவிடக் கறாரான தேர்வாளர் கிடையாது.

தாள்மடிப்பு:

கால அட்டவணைக்கும் வழிகாட்டிப் படத்துக்கும் அது சரி. 'தனிமை'யை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் சோதிப்பீர்கள்? எல்லாச் செயல்திட்டமும் பயன்பாடாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரைவுகளைக் கடைசியில் போலியாகப் போடுவதற்கு மருந்து எளிது. வகுப்பிலேயே, என் கண் முன்னால், இருபது நிமிடத்தில் வரைந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்வேன்.

விமர்சன நாளையும் விடாதீர்கள். வேலையைச் சுவரில் ஒட்டி எல்லோரும் பேச வேண்டும். 'பிடிச்சிருக்கு', 'பிடிக்கல' இரண்டு சொல்லுக்கும் தடை. 'என் கண் முதலில் இங்கே போனது, அப்புறம் இங்கே' என்றுதான் தொடங்க வேண்டும். செய்தவர் கடைசிவரை பதில் சொல்லக் கூடாது.

வளைகோடு:

தேதி போட்டு வாங்குவது நல்ல யோசனை. ஏற்கிறேன்.

எழுத்தெண்ணி:

இன்னும் யாரும் சொல்லாத ஒன்று. இணையத்தில் வைக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று அணுகல்தன்மை (பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க முடிவது) வழிகாட்டுதல் சொல்கிறது. கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசத் தளங்கள் நிறைய இருக்கின்றன. வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து 1.1 கூடத் தேறாது என்று பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

வரைபடம் செய்யும்போது சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி வேறுபடுத்தக் கூடாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. ஆனால் "யாருக்கு நிறம் தெரியாது?" என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். பிள்ளை கூசிப்போகும்.

புள்ளிவிவரப் படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1920-களில் வியன்னாவில் ஆட்டோ நெய்ராத் தொடங்கிய ஐசோடைப் முறையில், எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்க மாட்டார்கள், அதே உருவத்தை இன்னொன்று சேர்ப்பார்கள். காரணம் எளிது. இரண்டு மடங்கைக் காட்ட உருவத்தின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிக் கண் ஏமாந்துவிடும். பள்ளி நூலகத்தில் எந்த வகைப் புத்தகம் எவ்வளவு எடுக்கப்படுகிறது என்று பிள்ளைகளே கணக்கெடுத்து இப்படி வரையலாம். உருவங்கள் எல்லாம் ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு, 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்கு ஓட்ல் ஐகர் செய்த விளையாட்டுக் குறிகளைக் காட்டுங்கள். தலை ஒரு வட்டம், கை கால்கள் ஒரே தடிமன், எல்லாக் கோடும் படுக்கை, செங்குத்து அல்லது 45 பாகைச் சாய்வு. வாலிபால், நீச்சல், ஓட்டம் என்று ஆறு குறிகள் செய்து, ஒன்றுகூட அந்நியமாக நிற்கக் கூடாது என்பது சவால்.

நீலப்பென்சில்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமா போஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே? பிள்ளைகள் நடிகரின் படத்தைத் தேடி எடுத்துப் போடுவதுதான் எனக்கு உறுத்தல்.

மெய்யெழுத்து:

தேடலில் கிடைத்தது எல்லாம் இலவசம் இல்லை என்பதைப் பள்ளியிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வேலையின் பின்பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: படம் எங்கிருந்து, யார் எடுத்தது, எந்த உரிமம், ஃபான்ட் எது. படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸில் சில உரிமங்கள் பெயர் குறிப்பிட்டால் போதும் என்கின்றன, சில மாற்றவே கூடாது என்கின்றன, சில வணிகத்துக்குக் கூடாது என்கின்றன. அந்தச் சீட்டை நிரப்பும்போது அதெல்லாம் பழகிவிடும். போஸ்டர் வேண்டுமென்றால் பள்ளி நாடகத்துக்குச் செய்யட்டும். நடிப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அனுமதி கேட்டு, படமும் தாங்களே எடுக்கலாம்.

நீலப்பென்சில்:

சரி. சதுரங்கள், நிறத்தாள், அப்புறம் கால அட்டவணை என்று தொடங்குகிறேன். இரண்டாம் பருவத்தில் எட்டுப் பக்கப் புத்தகமும் ஆறு குறிகளும். லோகோ கடைசியில், வானியல் குழுவுக்கு. அவர்களிடம் பேசிவிட்டேன், 'ராக்கெட் மட்டும் வேண்டாம்' என்று இப்போதே நிபந்தனை போடுகிறார்கள். பயன்பாட்டு வேலைகளுக்கு வளைகோடு சொன்ன வெளியாள் சோதனை, மற்றவற்றுக்கு டீச்சரின் தேதியிட்ட வரைவுகள்.

ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். இங்க்ஸ்கேப்பில் செய்ததை அச்சகத்துக்கு எப்படிக் கொடுப்பது? சி.எம்.ஒய்.கே. (அச்சின் நான்கு மை நிறங்கள்) அங்கே சரியாக வருவதில்லை.

அச்சகத்தான்:

இங்க்ஸ்கேப் அடிப்படையில் திரை நிறத்தில் வேலை செய்வது. படத்தை எஸ்.வி.ஜி.யாக (கோட்டுப்பட ஃபைல் வகை) சேமித்து ஸ்கிரைபஸுக்குள் கொண்டு வாருங்கள். பக்க அளவு, 3 மில்லிமீட்டர் பிளீட் அங்கே வையுங்கள். நிறங்களை அங்கேயே சி.எம்.ஒய்.கே.யாக மாற்றுங்கள், கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அப்புறம் பி.டி.எஃப். எடுங்கள். ஸ்கிரைபஸ் பழைய 1.4 வரிசை என்றால் தமிழ் எழுத்து உடையும், 1.6 போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் இங்க்ஸ்கேப்பிலேயே எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டுக் கொண்டு வாருங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அப்புறம் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் திருத்த முடியாது. கண்டிப்பாகப் படும்.